மருத்துவர் குடிபுகுந்த வீடு

எல்லைப்புறத்தில் வாழும் நமக்கு இடப்பெயர்ச்சி புதியதன்று. 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை உருப்பெற்ற காலந்தொட்டுத் தென்மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும், பின்னாளில் பீகார், ஒடிசா முதலிய தொலைவிடங்களிலிருந்தும் வந்தோர் வீடு தேடி இவ்வூர்த் தெருக்களில் அலைந்ததை நம்மில் மூத்தோர் கண்டிருக்கின்றனர். அத்திப்பள்ளியைத் தாண்டினால் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கும் பெங்களூர் வழக்கமும் நமக்குப் பழகியதே. இன்று இதே பகுதியிலிருந்து செவிலியரும் மருத்துவரும் வளைகுடா நாடுகளுக்கும் இங்கிலாந்துக்கும் ஜெர்மனிக்கும் புறப்படுகின்றனர். மகளை அனுப்பும் தாய் கேட்கும் முதற் கேள்வி, ‘அங்கே தங்குவது எங்கே?’ என்பதே. தேர்வு, மொழிச் சான்று, விசா என எல்லாவற்றையும் விரிவாக விளக்கும் முகவர்கள் இவ்வொன்றுக்கு மட்டும், ‘ஆஸ்பத்திரியே கொடுத்துவிடும், அம்மா’ என்று சுருக்கமாக முடித்துவிடுவர். அந்தச் சுருக்கமான விடைக்கு நீண்டதொரு வரலாறு உண்டு. அதன் ஒரு பகுதி நம் மண்ணிலேயே, ஆனால் எதிர்த் திசையில் நடந்தது. கடல் கடந்து இங்கு வந்த மருத்துவர்கள் எந்த வீட்டில் குடிபுகுந்தனர், அவ்வீடு அவர்தம் மருத்துவத்தை என்ன செய்தது என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. நம் மருத்துவக் கல்லூரிகளில் ‘ஹவுஸ் சர்ஜன்’ என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. வீடு வீடாகச் சென்று மருத்துவம் பார்ப்பவர் என்று பாமரர் பொருள்கொள்வதுண்டு. உண்மையில் மருத்துவமனையையே வீடாகக் கொண்டு, இரவும் பகலும் அங்கேயே தங்கிப் பணிபுரியும் இளம் மருத்துவரையே அது குறித்தது. அமெரிக்கர் வழங்கும் ‘ரெசிடென்ட்’ என்பதும் அப்பொருளதே. இங்கிலாந்தில் 1950ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தின்படி, 1953 முதல், பட்டம் பெற்றவர் ஓராண்டு மருத்துவமனையில் உறைந்து பணியாற்றிய பிறகே முழுப் பதிவு பெற முடிந்தது. வேலையும் வீடும் ஒரே கூரையின் கீழ் இருத்தல் வேண்டும் என்பது அத்தொழிலின் விதியாகவே இருந்தது. வெளிநாடு செல்லும் மருத்துவருக்கு முதல் நாள் இரவில் இவ்விதி பெரும் வரமாகத் தோன்றும். ஊர் தெரியாதவனுக்கு ஒரு கட்டில், வெந்நீர், உணவுக்கூடம். வேறென்ன வேண்டும்?

1948 ஜூலை 5 அன்று பிரிட்டனில் தேசிய சுகாதாரப் பணி தொடங்கிய பின், இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் இலங்கையிலிருந்தும் மருத்துவர்கள் பெருந்தொகையாக அங்கே சென்றனர். சென்னை, வேலூர்க் கல்லூரிகளில் பயின்ற தமிழரும் அவருள் அடங்குவர். இளநிலைப் பணிகள் பெரும்பாலும் ஆறு ஆறு மாதக் கணக்கில் தரப்பட்டன. ஆறு மாதம் ஓரூர், அடுத்த ஆறு மாதம் வேறோர் ஊர் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்களுக்கு மருத்துவமனையின் ஒற்றையறை இன்றியமையாததாயிற்று. மனைவி மக்கள் வந்து சேர்ந்தபோதுதான் சிக்கல் எழுந்தது. வாடகை விடுதிகளின் சாளரங்களில் ‘கறுப்பருக்கு இடமில்லை’ என்ற அட்டைகள் வெளிப்படையாகத் தொங்கிய காலம் அது. 1965ஆம் ஆண்டின் இன உறவுச் சட்டம் பொது இடங்களில் காட்டப்படும் பாகுபாட்டைத் தடுத்தது. வீட்டு வாடகையை அது தொடவில்லை. 1968ஆம் ஆண்டுச் சட்டமே வீட்டுக்கும் வேலைக்கும் தடையை விரித்தது. இடைப்பட்ட காலத்தில், பகலில் ஒரு வெள்ளையரின் நெஞ்சில் கைவைத்து நாடி பார்த்த மருத்துவர் மாலையில் அவர் தெருவிலேயே வீடு கேட்டு மறுக்கப்படுதல் சட்டப்படி குற்றமன்று.

மேனிலைப் பதவிகள் எளிதில் திறக்காமையால் அவர்களுட் பலர், ஆங்கிலேய மருத்துவர் விரும்பிச் செல்லாத இடங்களில் பொது மருத்துவராக அமர்ந்தனர். தென்வேல்சின் நிலக்கரிப் பள்ளத்தாக்குகள் அத்தகையன. முன்கூடத்தில் நோயாளிகள், பின்கட்டில் குடும்பம், வரவேற்புப் பணியில் மருத்துவரின் மனைவி என்று பல இடங்களில் வாழ்க்கை அமைந்தது. மருத்துவமனை தந்த அறையைவிட அது எவ்வளவோ மேலானது. வீடு அவர்களுடையதாயிற்று, தெருவும் காலப்போக்கில் அவர்களுடையதாயிற்று. சுரங்கத் தொழிலாளரின் நுரையீரல் நோயை அவர் வீட்டு வாசலிலேயே கண்டறிந்த தலைமுறை அது. 1975இல் பிரிட்டனின் பொது மருத்துவ மன்றம் இந்தியப் பட்டங்கள் பலவற்றுக்கு அதுவரை அளித்துவந்த ஏற்பை விலக்கிக்கொண்டது. அவர்களுக்குப் பின்னால் வந்தோர்க்கு வழி குறுகிற்று.

வளைகுடாவின் கதை வேறு. 1970களில் எண்ணெய்ச் செல்வம் எழுப்பிய மருத்துவமனைகளுக்குச் செவிலியர் தேவைப்பட்டனர். விடுதி, விடுதியிலிருந்து மருத்துவமனைக்கு ஒரு பேருந்து, மீண்டும் விடுதி என்பதே அவர்கள் கண்ட நாடு. குடும்பத்தை வரவழைக்கும் உரிமை சம்பளத்தின் அளவைப் பொறுத்தது. முகவர் கொள்ளையைத் தடுக்க 1978இல் தமிழக அரசு அயல்நாட்டு மனிதவளக் கழகத்தை நிறுவியது. 2015இல் நடுவண் அரசு வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்குச் செவிலியரை அரசு நிறுவனங்கள் வழியே அனுப்ப வேண்டுமென விதித்தது. பணத்தைக் காப்பாற்ற இவை பெரிதும் உதவின. தங்கும் இடம் மட்டும் முன்போலவே முதலாளியின் கையில் இருந்தது. அதன் பொருள் என்ன என்பதை 2014 ஜூன், ஜூலை மாதங்களில் ஈராக்கின் திக்ரித் நகரம் காட்டிற்று. போராளிகள் கைப்பற்றிய அந்நகரின் மருத்துவமனையில் இந்தியச் செவிலியர் 46 பேர் சிக்கிக்கொண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் கேரளத்தவர். பணியிடமே தங்குமிடமாதலின், வேலையை விட்டு ஓடினாலும் ஓடிச்சேர அவர்களுக்கு அந்நாட்டில் வேறொரு கதவு இல்லை. மோசூலுக்குக் கொண்டுசெல்லப்பட்டுப் பின் விடுவிக்கப்பெற்று, ஜூலை 5 அன்று அவர்கள் கொச்சியில் வந்திறங்கினர்.

இங்கிலாந்தில் இன்று அட்டைகள் தொங்குவதில்லை. ஆயினும் 2016 முதல், வீடு வாடகைக்கு விடுபவர் குடிவருபவரின் குடியேற்ற உரிமையைச் சரிபார்த்த பின்பே சாவியைத் தரல் வேண்டும் என்பது இங்கிலாந்தில் சட்டம். பணிதரும் நிறுவனத்தின் பொறுப்பில் விசா பெற்றவர் அவ்வேலையை இழந்தால், பொதுவாக 60 நாளுக்குள் வேறு நிறுவனத்தைத் தேட வேண்டும். இல்லையேல் நாட்டைவிட்டு நீங்க வேண்டும். வேலை போயின் நாட்டில் இருக்கும் உரிமையும் அதனோடு வாடகை வீட்டின் உரிமையும் போய்விடும். முன்பணத்தைப் பொறுத்தவரை, நாம் சற்றுப் பொறாமைப்படலாம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆண்டு வாடகை ஐம்பதாயிரம் பவுனுக்குக் குறைவான வீட்டுக்கு ஐந்து வார வாடகைக்கு மேல் அங்கே வைப்புத்தொகை வாங்கக் கூடாது.

இனி நம் நிலத்துக்கு வருவோம். ஒரு காலத்தில் மேனாட்டு மருத்துவருக்கு நம் நாடே அயல்நாடாக இருந்தது. கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர்ப் பகுதிகளைப் பாராமகால் என்று வழங்கினர். பன்னிரண்டு மாளிகை என்று அதற்குப் பொருள் கூறுவாரும் உளர். 1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் இந்நிலம் கும்பினியார் வசமாயிற்று. ஓசூர் அதன்பின் 1799இல் சேர்ந்தது. அலெக்சாண்டர் ரீடுக்குத் துணையாக வரி வகுத்த தாமஸ் மன்றோ தருமபுரியில் வீடமைத்துத் தோட்டமும் வளர்த்தார். 1799இல் கன்னடக் கரைக்கு மாற்றப்பட்டபோது அத்தோட்டத்தைப் பிரிய மனமின்றி அவர் எழுதிய கடிதம் அவர்தம் வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. ஆட்சியாளரின் வீடு இவ்வாறு உயர்ந்த அடித்தளம், சுற்றுத் தாழ்வாரம், பரந்த வெளி, மதிற்சுவர், வாயிற்காவலன் என்ற அமைப்பில் நிலைபெற்றது. அதனை நாம் ‘பங்களா’ என்றோம். பின்வந்த கிறித்தவ மருத்துவப் பணியாளரும் அதே பங்களாவைத்தான் பெற்றனர். அனுப்பிய சங்கமே கட்டிக் கொடுத்துவிடும் என்பது அவர்களுக்கும் சொல்லப்பட்ட விடை.

பங்களாவைக் குறை கூறுதல் இன்று எளிது. மலேரியாவும் காலராவும் குழந்தைகளை வாரிக்கொண்டுபோன காலத்தில் உயரமும் காற்றோட்டமும் உயிர்காக்கும் என்று நம்பியே அவர்கள் அவ்வாறு கட்டினர். ஆனால் மதிலுக்கு வெளியே நின்ற நோயாளிக்கு அது வேறாகத் தெரிந்தது. வாயிற்காவலனைக் கடந்து, தாழ்வாரத்தின் படிக்கட்டில் நின்று, துரையே என்று விளிக்க வேண்டும். ஐடா ஸ்கடரின் வாழ்க்கையில் திண்டிவனத்துப் பங்களாவில் நிகழ்ந்த இரவை அறியாதார் இலர். பிள்ளைப்பேற்றில் துன்புற்ற மனைவியர்க்கு உதவி கேட்டு மூவர் அடுத்தடுத்து அவ்வாயிலில் வந்து நின்றனர்; ஆண் மருத்துவரான அவர் தந்தையை அழைத்துச் செல்ல அவர்களுக்கு இசைவில்லை; மூன்று பெண்களும் இறந்தனர். மருத்துவம் பயின்று 1900இல் திரும்பிய ஐடா, வேலூரில் தம் பங்களாவின் சிற்றறை ஒன்றிலேயே நோயாளரைப் பார்க்கத் தொடங்கினார். இன்றைய வேலூர் மருத்துவக் கல்லூரியின் மூலம், வீட்டுக்குள் வெளியாரை அனுமதித்த அந்த ஓர் அறையே.

இவ்விடத்தில் யாழ்ப்பாணத்தையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தல் தகும். 1847இல் அங்கு வந்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் வீட்டை மொழியிலே தேடியவர். ஆங்கில மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தார், ‘மனுஷ அங்காதிபாதம்’ போன்ற நூல்களைத் தமிழில் கொணர்ந்தார், கலைச்சொற்களை ஆக்கினார். தம் மாணவர் சட்டையும் தொப்பியும் அணிந்து துரைமாராக மாறுவதை அவர் விரும்பவில்லை. தமிழ் உடையும் தமிழ் உணவும் உடையவராகவே அவர்கள் இருத்தல் வேண்டும் என்றார். அமெரிக்காவின் உவூஸ்டர் நகரில் உள்ள அவர் கல்லறையில், தமிழர்க்கு மருத்துவத் தொண்டர் என்ற பொருளில் ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. இறந்த ஊர் ஒன்று, தம் முகவரியாக அவர் பொறிக்கச் செய்தது வேறொன்று. இலக்கியம் பேசும் நம்மைப் போன்றோர் மருத்துவரிடம் கடன்பட்டிருப்பதை மறந்துவிடுகிறோம் என்பதால் இதனை இங்கே குறித்தேன்.

பங்களாவின் மதிலை உள்ளிருந்தே கேள்வி கேட்டவர் ஒரு தமிழர். 1910இல் எடின்பரோவில் கூடிய உலகக் கிறித்தவ மாநாட்டில், திருநெல்வேலிச் சீமையைச் சார்ந்த வே. சா. அசரியா எழுந்து, மேனாட்டுத் தொண்டர்கள் பொருளையும் உழைப்பையும் தந்தனர், ஆனால் தங்கள் வீட்டுப் பந்தியில் எங்களுக்கு இடந்தரவில்லை என்னும் கருத்துப்பட உரைத்து, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று வேண்டினார். அவையில் பலர்க்கு அது கசந்தது. அந்த வேண்டுகோளுக்கு முழுமையான விடை, பதினோராண்டு கழித்து, கிருஷ்ணகிரியிலிருந்து நாற்பது கிலோமீட்டர் அளவே தொலைவுள்ள திருப்பத்தூரில் கிடைத்தது என்பதை நம்மவர் பலர் அறியார். திருப்பத்தூர் 1911 வரை நம்மோடு சேலம் மாவட்டத்தில் இருந்த வட்டம். பின் வட ஆர்க்காட்டுக்குச் சென்று, 2019இல் தனி மாவட்டமாயிற்று. கோடுகள் மாறினும் மண் ஒன்றே.

அவ்விடை தந்தோர் இருவர். ஒருவர் மருத்துவம் பயிலப் பிரிட்டன் சென்ற தமிழர் சவரிராயன் இயேசுதாசன். மற்றவர் ஸ்காட்லாந்தின் அலோவா நகரத்துக் கம்பளி நூல் ஆலைக் குடும்பத்தில் பிறந்த எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன், அவரும் மருத்துவர். இருவரும் பிரிட்டனில் அறிமுகமாகி நண்பராயினர். அயல்நாட்டில் வீடின்மை என்பதை ஒருவர் அனுபவத்தால் அறிந்திருந்தார். மற்றவர் அதனை நண்பரின் வாழ்க்கையில் கண்டார். இந்தியாவுக்கு வந்தபோது அந்நிலை தலைகீழாயிற்று. பணிக்களத்தில் வெள்ளையருக்கு ஒரு வகை வீடும் ஊதியமும், இந்தியருக்கு வேறு வகை வீடும் ஊதியமும் என்பதே எங்கும் முறை. படிப்பில் ஒத்த இரு மருத்துவர் ஒரே வளாகத்தின் இரு முனைகளில் வாழவேண்டியிருக்கும். இருவரும் அதனை ஏற்கவில்லை. 1921இல் திருப்பத்தூரில் ‘கிறிஸ்துகுல ஆசிரமம்’ என்ற பெயரில் ஒரே வீட்டை அமைத்தனர். புராட்டஸ்டண்டுக் கிறித்தவரிடையே எழுந்த முதல் ஆசிரமங்களுள் அது ஒன்று.

பெயரை நோக்குக. மிஷன் என்றோ, மருத்துவமனை என்றோ வைக்காமல் ‘குலம்’ என்று வைத்தனர். உறுப்பினர் மணம் செய்துகொள்ளாமல், சம்பளமின்றி வாழ்ந்தனர், கதர் உடுத்தனர், தரையில் அமர்ந்து ஒரே பந்தியில் உண்டனர், சாதி கேட்கவில்லை. கம்பளி நூலால் செல்வம் பெற்ற குடும்பத்துப் பிள்ளை கைராட்டை நூலைப் போர்த்திக்கொண்டார் என்பது காலத்தின் விளையாட்டுத்தான். நோயாளர்க்கு மருத்துவம் நடந்தது. அதனோடு சிற்றூர்ப் பிள்ளைகளுக்குக் கல்வியும் நடந்தது. பின்னர் எழுப்பிய வழிபாட்டு ஆலயம் கோபுரமும் மண்டபமும் உடைய திராவிடக் கட்டடக் கலையில் அமைந்தது. கூரான ஐரோப்பியக் கோபுர முனையைத் தேடிச் செல்வோர் அங்கே ஏமாற்றமடைவர்.

கட்டடத்தைவிட என் மனத்தைக் கவர்வது அங்கு வழங்கிய விளிப்பெயர்களே. வயதில் மூத்த இயேசுதாசன் ‘பெரியண்ணன்’. இளையவரான பேட்டன் ‘சின்னண்ணன்’. நம் ஊர்களில் வெள்ளைத் தோலுக்கு ‘துரை’ என்ற ஒரே விளி இருந்த நாட்களில், ஒரு ஸ்காட்லாந்துக்காரரைத் திருப்பத்தூர்ச் சிறுவர்கள் சின்னண்ணன் என்று கூப்பிட்டனர் என்பதன் ஆழத்தைத் தமிழறிந்தோர் உணர்வர். துரைக்கு உறவில்லை, அண்ணனுக்குத் தம்பி தங்கையர் உண்டு, அவர்களைப் பார்க்கும் கடமையும் உண்டு. அதிலும் ‘சின்ன’ என்ற அடைமொழி, தமிழருக்குப் பின்னே வெள்ளையரை நிறுத்துகிறது. ஆட்சியாளர் இனத்தவர் ஒருவர் வயதின் முறையால் தமக்குரிய இரண்டாம் இடத்தை மகிழ்ந்து ஏற்ற வீடுகள் அக்காலத்தில் எத்தனை இருந்திருக்கும்?

அந்த உடையின் விலையையும் சின்னண்ணன் கொடுக்க நேர்ந்தது. 1932 சனவரியில், சட்டமறுப்பு இயக்கம் மூண்டிருந்த நேரத்தில், சென்னைக் கடைத்தெருவில் கதர் உடையுடன் நின்ற அவரைப் போலீசார் தாக்கினர். செய்தி கடல் கடந்து, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் வினாக்கள் எழுந்தன. அவர் கோட்டு அணிந்து நின்றிருப்பின் தடி உயர்ந்திராது என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. அவர் எந்த வீட்டிலிருந்து வந்தவர் என்பதைப் போலீசார் உடையைக் கொண்டே முடிவுசெய்தனர். ஒரு வகையில் அவர்கள் தவறு செய்யவில்லை என்றே சொல்லலாம்.

ஆசிரமத்தைப் புகழ்ந்துகொண்டே போதலும் வரலாறாகாது. மணத்தை விலக்கிய வீடு எல்லார்க்கும் ஏற்ற வீடாக முடியாது. மனைவி மக்களோடு அயல்நாடு செல்லும் மருத்துவருக்கு அது தரும் வழிகாட்டல் குறைவே. சமயப் பரப்பல் என்னும் நோக்கம் மருத்துவத்தோடு பிணைந்தே நின்றது; அயலார் சிலர் அதனை ஐயத்தோடு நோக்கியதும் இயல்பே. ஆசிரமமும் ஊரின் நடுவே அமைந்த வீடன்று. தனக்கென ஒரு வெளியைக் கொண்டது. எனினும் ஒரே தட்டில் உணவு என்ற ஒன்றால் அசரியாவின் குறைக்கு அது விடைகூறிற்று. அவ்விருவரின் தோழமை ஏறக்குறைய அரை நூற்றாண்டு நீடித்தது.

குடும்பத்தோடு வந்தவர் எவ்வாறு வீடமைத்தனர் என்பதற்குப் பழைய சேலம் மாவட்டத்தின் தென்பகுதியில், கொல்லிமலையில் சான்று கிடைக்கிறது. தருமபுரி 1965இல் பிரியும்வரை ஓசூரும் கொல்லிமலை அடிவாரமும் ஒரே மாவட்டத்தின் இரு முனைகளாக வரலாற்றைப் பகிர்ந்தவை. 1907இல் இந்தியாவுக்கு வந்த ஜெஸ்ஸி பிராண்ட் என்பவர் முழு மருத்துவரல்லர். லண்டன் லிவிங்ஸ்டன் கல்லூரியில் வெப்பநாட்டு நோய்களுக்கான குறுகிய பயிற்சி பெற்றவர். மலையில் காய்ச்சலுக்கு அஞ்சி எவரும் தங்குவதில்லை. அவர் தம் கையாலேயே மரவீடு ஒன்றைச் சமவெளியில் பகுதி பகுதியாகச் செய்து, சுமையாட்களைக் கொண்டு மலைமேல் ஏற்றிச் சேர்த்தார். 1913இல் சேந்தமங்கலத்தில் அவருக்கும் லண்டனின் வசதியான குடும்பத்தில் பிறந்த எவ்லினுக்கும் மணம் நடந்தது. மணமக்கள் அன்றே மலையேறினர். வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஓவியம் பயின்ற, பட்டு உடுத்திப் பழகிய அப்பெண் சேறு படிந்த மணவுடையோடு தன் புகுந்த வீட்டை அடைந்தாள்.

பலகை வீடு சுற்றியிருந்த குடிசைகளைப் போன்றதன்று. அதுவும் ஒரு விதப் பங்களாவே என்பார்க்கு நான் மறுப்புக் கூறமாட்டேன். ஆனால் அதற்கு மதில் இல்லை. ஜெஸ்ஸி பிராண்ட் மருந்து கொடுத்தார், பல் பிடுங்கினார், நரம்புச் சிலந்திப் புழுவைக் குச்சியில் சுற்றிச் சுற்றி மெல்ல வெளியே எடுத்தார். பின் அந்நோய் நீரில் பிறக்கிறதென்பதால் கிணறுகளுக்குச் சுவர் கட்டச் செய்தார். ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அவர் சமயத்தைத் தழுவியவர் ஒருவருமில்லை. முதற் போரின் முடிவில் பரவிய நச்சுக்காய்ச்சலின்போது, அதுவரை எதிர்த்துநின்ற பூசாரி தாமே நோயுற்று, தம் குழந்தையை அவர்களிடம் ஒப்படைத்து இறந்தார். அம்மலையில் அவ்வீடு ‘வீடு’ ஆனது அந்நாளில்தான் போலும்.

அவர்தம் மகன் பால் 1914இல் பிறந்தார். ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்து அனுப்பப்பட்டார். 1929 ஜூனில் ஜெஸ்ஸி பிராண்ட் கருநீர்க் காய்ச்சலால் மலையிலேயே மாண்டார். தந்தியில் சாவுச் செய்தி வந்த பின்னும், கப்பலில் மெதுவாக வந்த தந்தையின் கடிதங்கள் வாரக்கணக்கில் மகனுக்கு வந்துகொண்டிருந்தன. மலையின் மரங்களையும் பறவைகளையும் பற்றிய கடிதங்கள் அவை. அயல்நாட்டில் வாழ்வோரின் துயரத்தில் இதனினும் கொடியது எது என்று எனக்குத் தெரியவில்லை. பால் முதலில் மருத்துவம் படிக்கவில்லை. தந்தையைப்போல வீடுகட்ட வேண்டுமென்று தச்சும் கொத்தும் ஆண்டுக்கணக்கில் கற்றார். பின்பே மருத்துவரானார். 1946இல் வேலூருக்கு வந்து, தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்திப் புகழ் பெற்றார். கை சீரடைந்தவர்க்குத் திரும்பிச் செல்ல வீடில்லை என்று கண்டபோது பழைய கொத்தன் அவருள் விழித்தான். கல்லூரி வளாகத்திலேயே சிற்றூர்க் குடிசைகளின் வடிவில் மண்வீடுகளைக் கட்டி ‘நவஜீவ நிலையம்’ அமைத்தார். அறுவை மருத்துவரின் சாதனையைப் பேசுவோர் அம்மண்சுவர்களைப் பேசுவது குறைவு.

தாய் எவ்லினின் கதையே இங்குக் கூற வந்ததில் கடைசி. கணவனை இழந்து இங்கிலாந்து சென்றவர் ஓராண்டில் திரும்பினார். சங்கம் அவரைச் சமவெளியில் அமர்த்திற்று. மலைக்குத் தனியே விட இசையவில்லை. எழுபதை எட்டும் வயதில் ஓய்வு கொடுத்து, ஊர் திரும்புமாறு கூறிற்று. பணி முடிந்தால் பங்களாவும் பணத்துணையும் முடியும் என்பது விதி. அம்மூதாட்டி பணியிலிருந்து நீங்கினார், ஊருக்குத் திரும்பவில்லை. மலைமேல் சிறு குடிலொன்றை எழுப்பிக்கொண்டு அதில் குடியேறினார். அதற்கு வாடகை தரும் நிறுவனம் இல்லை. அங்கிருந்து வெளியேறச் சொல்லும் அதிகாரமும் எவருக்கும் இல்லை. குதிரைமேல் ஏறி மலைமலையாகச் சென்றார். கீழே விழுந்து எலும்பு முறிந்தபின் இரு மூங்கிற் கோல்களை ஊன்றி நடந்தார். வாழ்வின் கடைசி இருபது ஆண்டுகளில் அவர் வீட்டில் முகம்பார்க்கும் கண்ணாடி இல்லை என்று அவர் மகன் எழுதியுள்ளார்.

1974 திசம்பரில், 95ஆம் வயதில், அவர் காலமானார். கொல்லிமலையில் கணவரின் அருகில் அடக்கம் செய்தனர். அவர் முன்னரே சொல்லிவைத்திருந்தபடி மரப்பெட்டி செய்யவில்லை. ஒரு பருத்தித் துணியில் சுற்றியே மண்ணில் வைத்தனர்.